வெண்புள்ளி மேல் செல்ஃப் டேனர்: நிறம் ஏறாவிட்டால், வளையம் கட்டினால், ஆரஞ்சு அடித்தால்

வெயிலில் காயாமலே உடம்பு மாநிறமாகத் தெரிய வேண்டும் என்று விரும்பும் வெள்ளைத்தோல்காரர்களுக்காகக் கடைக்கு வந்த பொருள் செல்ஃப் டேனர். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் வழிமுறையும் அவர்களை மனதில் வைத்து எழுதியதுதான்: நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள், கழுத்திலிருந்து கால் வரை பூசுங்கள், ரொம்பக் கருத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாநிறத்திலோ கருப்பிலோ பிறந்து, அந்த நிறத்தின் நடுவே வெண்புள்ளி வந்தவர்கள் இதை அப்படியே செய்தால் காரியம் கெட்டுவிடும். நாம் அழுத்தித் தேய்க்கக் கூடாது. உடம்பு முழுக்கப் பூசக் கூடாது. நம் கவலை கருத்துப்போவதைப் பற்றி அல்ல; வெள்ளைக்கும் பக்கத்துத் தோலுக்கும் நடுவே ஓடும் அந்தக் கோட்டைப் பற்றி.

என் இரண்டு புறங்கைகளிலும், வலது முட்டியிலும், பாதங்களிலும் வெண்புள்ளி இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிக் கொடுக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க யாராவது ஒருவர் என் கையைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். பதினோரு வருடமாக டேனர் போடுகிறேன். மறைத்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. வெண்புள்ளி தொற்றாது, தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெண்குஷ்டம் என்ற பழைய பெயர்தான் அந்தக் குழப்பத்தை வளர்த்தது. நானே விடுமுறை வாரங்களில் போடுவதில்லை. ஆனால் போட வேண்டும் என்று தோன்றும் நாளில் அது சரியாக வர வேண்டும். முதல் ஒரு வருடம் எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது

இது புரிந்துவிட்டால் பாதிக் கோளாறுகளுக்கு நீங்களே காரணம் சொல்லிவிடுவீர்கள். பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பால் சுண்டச் சுண்டப் பழுப்பேறும். பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன. தோசை முறுகும்போது நடப்பதும் இதுதான். 1912இல் இதை ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி மயார் பெயரால் இதை மயார் வினை என்பார்கள்.

டேனரில் உள்ள டைஹைட்ராக்சி அசிட்டோன், சுருக்கமாக டிஎச்ஏ, ஓர் எளிய சர்க்கரை. தோலின் ஆக மேலே இருக்கும் இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து அது பழுப்பாகிறது. அடுப்பு வேண்டாம், உடம்புச் சூடே போதும். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், கிளைக்கோஜன் சேமிப்புக் கோளாறு (உடம்பு சர்க்கரையைச் சேமித்துப் பயன்படுத்துவதில் வரும் பிறவிக் குறை) உள்ள குழந்தைகளுக்கு டிஎச்ஏவை வாய்வழி மருந்தாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிந்திய இடத்தில் குழந்தைகளின் தோல் பழுப்பாவதைக் கவனித்தார். டேனர் பிறந்த கதை அது.

நமக்கு வேண்டியது இரண்டு விஷயங்கள். ஒன்று, இந்த நிறத்துக்கு மெலனின் (தோலுக்கு இயற்கையாக நிறம் தரும் நிறமி) தேவையே இல்லை. வெண்புள்ளியில் இல்லாதது மெலனின்தான், புரதம் அல்ல. அதனால்தான் அங்கேயும் நிறம் ஏறுகிறது. இரண்டு, இறந்த செல்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. நிறமும் அவற்றோடு போய்விடும். உடம்பில் 5 முதல் 7 நாள், முகத்தில் அதற்கும் குறைவு.

எல்லாம் ஒழுங்காகப் போகும் இரவில் நான் செய்வது

புதிதாக ஒரு பாட்டில் வாங்கினால் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்ப்பேன். அரிப்போ சிவப்போ இல்லையென்றால்தான் அடுத்த வேலை.

போடும் அன்று மாலை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, இனி கை நனையாது என்று ஆன பிறகு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவேன். கையில் மெல்லிய ரப்பர் உறை. ஐலைனர் போடும் சின்ன பிரஷ் ஒன்று, இயர்பட்ஸ் நாலைந்து, ஈரத் துணி ஒன்று. புள்ளியின் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு. 15 நிமிடம் காயவிட வேண்டும். பழைய தளர்வான நைட்டி, பழைய போர்வை. நிறம் சில மணி நேரத்தில் தெரியத் தொடங்கும். முழுசாக வர 8 முதல் 24 மணி நேரம் ஆகலாம். காலையில் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

வலது புறங்கைக்கு இடது கையால் பிரஷ் பிடிப்பது எனக்கு இன்றைக்கும் சரியாக வராது. தங்கைதான் போட்டுவிடுவாள். உங்கள் வீட்டிலும் நிதானமான கை உள்ள ஒருவரைக் கேளுங்கள். கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை.

“போட்டேன், காலையில் பார்த்தால் வெள்ளை அப்படியே இருக்கிறது”

முதலில் எண்ணெயைச் சந்தேகியுங்கள். நம் வீடுகளில் கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது பழக்கம். அந்தப் படலம் இருந்தால் டிஎச்ஏ புரதத்தைத் தொடவே முடியாது. வெண்புள்ளிக்கு டாக்ரோலிமஸ் மாதிரி களிம்பு போடுகிறவர்களுக்கும் இதே நிலைமைதான். களிம்பின் மேல் டேனர் ஏறாது. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எந்த வேளையில் மருந்து, எந்த வேளையில் டேனர் என்று உங்கள் தோல் மருத்துவரிடமே கேட்டு நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சோப்பு. குளியல் சோப்பு காரத்தன்மை உள்ளது. தோல் இயல்பாகக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. சோப்பு சரியாகப் போகாத தோலில் டேனர் ஒழுங்காக வேலை செய்யாது. தண்ணீரில் நன்றாக அலசி, முழுசாகக் காய்ந்த பிறகு பூசுங்கள்.

பாட்டிலையும் பாருங்கள். டிஎச்ஏ சூடு தாங்காது. மே மாதத்தில் ஜன்னலோரம் வைத்திருந்த பாட்டில், உள்ளேயே பழுப்பாகி வாசனை மாறிவிட்டால், அதன் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. வாங்கியதும் வீட்டின் குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள்.

இவை எதுவும் காரணம் இல்லையென்றால், அளவு போதவில்லை. லைட் என்று விற்பதில் டிஎச்ஏ பொதுவாக 3 முதல் 5 சதவீதம். வெள்ளைத்தோலுக்கு அது நிறைய. நம் நிறத்தை எட்ட ஒரு பூச்சு போதாது. ஆனாலும் எடுத்த எடுப்பில் டார்க் பாட்டிலுக்குத் தாவாதீர்கள். அதே பாட்டிலை அடுத்தடுத்த இரண்டு மூன்று இரவுகள் மெல்லிய பூச்சாகப் போட்டுப் பாருங்கள். டேனரில் 10 சதவீதத்துக்கு மேல் டிஎச்ஏ இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் வரம்பு வைத்தது. நானும் அதைத் தாண்டியதை வாங்குவதில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் உடையக் கூடாது. நல்ல கருப்பு நிறம் உள்ளவர்களுக்கு டிஎச்ஏவால் அந்தக் கருப்பைக் கொண்டுவர முடியாது. அது பழுப்போடு நின்றுவிடும். ஆனால் கருப்புக்குப் பக்கத்தில் பழுப்பு இருப்பது, கருப்புக்குப் பக்கத்தில் வெள்ளை இருப்பது மாதிரி கண்ணை இழுக்காது. மீதியை அதன் மேல் கேமஃப்ளாஜ் கிரீம், அதாவது தோல் நிறத்திலேயே வரும் மறைப்புக் கிரீம், தொட்டுச் சரிசெய்யலாம். அடியில் பழுப்பு இருப்பதால் கிரீம் கொஞ்சம்தான் செலவாகும், வியர்வையில் அழிந்தாலும் பளிச்சென்று வெள்ளை வெளியே வராது.

“புள்ளியைச் சுற்றிக் கருப்பு வளையம் கட்டிவிட்டது”

வெண்புள்ளிக்காரர்களின் பெரிய தலைவலி இதுதான். என்னை அழவைத்ததும் இதுதான். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின இரவு, புறங்கை முழுக்க லோஷனைக் கைக்குட்டையால் துடைக்கிற மாதிரி ஒரே தேய்ப்பாகத் தேய்த்தேன். காலையில் புள்ளிகள் பழுப்பாகியிருந்தன. கூடவே சுற்றியிருந்த தோல் இன்னும் கருத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மை தீட்டியதுபோல ஒரு வளையம். முன்பு பார்க்காதவர்கள்கூட அன்று பார்த்தார்கள்.

காரணம் எளிது. டிஎச்ஏ நல்ல தோலையும் கருக்கும். ஏற்கெனவே நிறம் உள்ள இடத்தில் இன்னும் நிறம் ஏறினால் இடைவெளி அப்படியேதான் இருக்கும். இன்னொன்று, சிலருக்குப் புள்ளியின் விளிம்பே இயற்கையாகக் கொஞ்சம் கருத்திருக்கும். அங்கே டேனர் பட்டால் கோடு இரட்டிப்பாகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: வளையத்தின் மேல் மட்டும், புள்ளிக்குள் போகாமல், இயர்பட்ஸால் பேபி ஆயில் தடவி 20 நிமிடம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று நாள் செய்தால் இறங்கும். வளையத்தோடு பொருந்தட்டும் என்று புள்ளிக்கு மேல் இன்னும் டேனர் போடத் தோன்றும். போடாதீர்கள், அது மறுபடி ஓரத்தில் கசியும்.

அடுத்த முறை வராமல் இருக்க: போடுவதற்கு முன் புள்ளிக்கு வெளியே, நல்ல தோலின் மேல், இயர்பட்ஸால் வாஸ்லின் கரை கட்டுங்கள். கோலத்துக்குக் காவி கட்டுகிற மாதிரி, சுற்றி ஒரே அளவாக. வாஸ்லின் உள்ளே வந்துவிட்டால் அங்கே நிறம் ஏறாது, அதனால் கை நிதானம் முக்கியம். பிறகு பிரஷை நடுவில் வைத்து வெளியே வாருங்கள். விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். ஈரத்தில் அது தானாகப் பரவி ஓரத்தைத் தொட்டுக்கொள்ளும். நுரையாக வரும் மூஸைவிட, சொட்டுச் சொட்டாக வரும் ஜெல்லோ தண்ணீர்ப் பதமான டேனரோ இதற்கு வசதி. மூஸ், தொடை முதுகு மாதிரி பெரிய பரப்பில் அகலமான புள்ளி உள்ளவர்களுக்குச் சரி.

குட்டிக் குட்டியாக அடுத்தடுத்து இருக்கும் புள்ளிகளுக்குக் கரை கட்ட முடியாது. அங்கே நான் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் தொட்டு வைக்கிறேன். நேரம் எடுக்கும். பாட்டுப் போட்டுவிட்டு உட்காருவேன்.

“ஆரஞ்சு அடிக்கிறது”

டிஎச்ஏவின் பழுப்பில் மஞ்சள் சாயல் கூடுதல், சிவப்புச் சாயல் குறைவு. வெள்ளைத் தோலில் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் அந்த மஞ்சள் வெளிப்பட்டு ஆரஞ்சாகத் தெரியும். தடிமனான ஒரு பூச்சைவிட மெல்லிய மூன்று பூச்சுகளுக்கு நிறம் எப்போதும் நன்றாக வருகிறது. எரித்ருலோஸ் என்று லேபிளில் இருந்தால் நல்லது. அதுவும் ஒரு சர்க்கரைதான், மெதுவாக வேலை செய்யும், கொஞ்சம் செம்மை கலந்த நிறம் தரும். நம் தோலின் அடியில் ஓடும் செம்மைக்கு அது பொருந்துகிறது.

மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். மஞ்சள் வெண்புள்ளியில் நன்றாக ஒட்டும். அதன் மேல் டேனர் போட்டால் என்ன செய்தாலும் மஞ்சள்தான் தெரியும். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கிற வீடுகளில் நலங்கை முதலில் முடித்துவிட்டு, மஞ்சள் போன பிறகு டேனரைத் தொடங்குவதுதான் ஒழுங்கு.

ஆரஞ்சை இறக்க எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும் பொருள்கள் இருக்கின்றன. எலுமிச்சை பட்ட கையோடு வெயிலில் போனால் மெலனின் உள்ள தோலே கொப்பளிக்கும். வெண்புள்ளிக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. பேபி ஆயில், வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு நாள் பொறுமை. இவ்வளவுதான் மருந்து.

“முட்டியும் கணுக்காலும் அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கிறது”

தோல் தடித்தும் வறண்டும் இருக்கும் இடத்தில் இறந்த செல் அடுக்கு கனமாக இருக்கும். டிஎச்ஏவுக்கு அங்கே சாப்பாடு நிறைய, அதனால் கருத்துவிடும். விரல் கணுக்கள், முழங்கை, முட்டி, குதிகால் ஓரம் எல்லாம் இந்த வகை.

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஸ்க்ரப். பீர்க்கங்காய் நார், சர்க்கரை ஸ்க்ரப், பியூமிஸ் கல். நமக்கு இது ஆபத்து. வெண்புள்ளி உள்ளவர்களின் தோலில் உராய்வோ காயமோ பட்ட இடத்தில் புதுப் புள்ளி வரலாம். இதை கோப்னர் விளைவு என்பார்கள். பாவாடை நாடா இறுக்கும் இடுப்பிலும் செருப்பு வார் அழுத்தும் பாதத்திலும் பலருக்குப் புள்ளி கிளம்புவது இதனால்தான். இருக்கும் புள்ளியை மறைக்கப்போய் புதிதாக ஒன்றை வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே தேய்ப்பதற்குப் பதில் ஊறவைப்பது. போடுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே இரவில் முட்டிக்கும் கணுக்காலுக்கும் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். போடும் அன்று வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் ஒற்றித் துடையுங்கள். பிறகு சுருக்கங்கள் மேல் மட்டும் ஒரு துளி எண்ணெய்ப்பசை இல்லாத லோஷன், அது உறிஞ்சிய பிறகு டேனர். முட்டியை மடக்கிக்கொண்டு பூசுங்கள். நீட்டியபடி பூசினால் சுருக்கத்துக்குள் டேனர் தேங்கி, நடக்கும்போது வெள்ளைக் கோடும் கருப்புக் கோடுமாகத் தெரியும்.

“விரல் நுனியில் மூன்றாம் நாளே போய்விடுகிறது”

போகத்தான் செய்யும். ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறோம். மாவு பிசைகிறோம், பாத்திரம் தேய்க்கிறோம், சானிடைசர் போடுகிறோம். உடம்பில் ஒரு வாரம் நிற்பது விரலில் இரண்டு மூன்று நாள்தான். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விரலுக்கு மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு இரவு மெல்லிய பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும்போது கையுறை போட்டால் ஒரு நாள் கூடுதலாக நிற்கும். கை கழுவியதும் துடைத்துவிட்டுக் கொஞ்சம் லோஷன்.

உள்ளங்கையில் தெரியாமல் டேனர் பட்டுக் கருத்துவிட்டால், அதுவே எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிடும். பூசி முடித்ததும் உறையைக் கழற்றி, உள்ளங்கையையும் விரல் இடுக்கையும் நகத்தையும் ஈரத் துணியால் ஒரு தடவை துடையுங்கள்.

மருதாணியும் இதே இறந்த அடுக்கில்தான் ஒட்டுகிறது, விரல் நுனிப் புள்ளிக்கு அதையே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அரைத்த இலை என்றால் சரி. கடையில் கருப்பு மருதாணி என்று விற்கும் கோனை மட்டும் தொடாதீர்கள். கருப்புக்காக அதில் தலைச்சாயத்தின் பிபிடி என்ற பொருளைக் கலப்பது உண்டு. அது கொப்பளிக்கும், போட்ட இடமே வெளுத்துப்போகவும் வாய்ப்பு இருக்கிறது.

“இறங்கும்போது திட்டுத் திட்டாக இறங்குகிறது”

எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் மேல் அடுக்கை ஒரே நாளில் எடுத்துவிடும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் சனிக்கிழமை இரவு டேனர். முறை மாறினால் உழைப்பு வீண். முகத்துக்குப் போடும் ப்ளீச், பழ அமிலக் கிரீம், ரெட்டினாய்டு மருந்துகளும் நிறத்தைச் சீக்கிரம் இறக்கும். கிளிசரின் உள்ள லோஷனைத் தினமும் தடவினால் அடுக்கு சீராக உதிரும், நிறமும் சீராக மங்கும்.

திட்டுகளுக்கு நடுவே ஒட்டுப்போட முயல வேண்டாம். எண்ணெயில் ஊறவைத்து மொத்தமாக இறக்கிவிட்டு, இரண்டு நாள் விட்டு, புதிதாகத் தொடங்குங்கள்.

விசேஷத்துக்கு என்றால் கணக்கு இப்படி: வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றால் செவ்வாய் இரவு முதல் பூச்சு, புதன் இரவு இரண்டாவது. வியாழன் காலியாக இருக்கட்டும். கோளாறு ஏதாவது வந்தால் சரிசெய்ய அந்த ஒரு நாள் கையில் வேண்டும்.

“வியர்வையில் வழிந்து கோடு விழுந்துவிட்டது”

சென்னை, தூத்துக்குடி மாதிரி புழுக்கமான ஊர்களில் பூசிய முதல் ஒரு மணி நேரம்தான் கண்டம். ஃபேன் கட்டாயம். பூசிய பிறகு அடுப்படிக்குப் போகாதீர்கள். மின்சாரம் போய்விட்டால் துடைக்காமல், விசிறியால் விசிறிக் காயவிடுங்கள். துடைத்தால் கோடு நிச்சயம். கோடு விழுந்துவிட்டால் வளையத்துக்குச் சொன்ன அதே பேபி ஆயில் வைத்தியம். அக்குளுக்குப் பக்கத்தில் புள்ளி உள்ளவர்கள் அன்றைக்கு டியோடரன்ட் போடாமல் இருங்கள்.

பிஸ்கட் சுட்ட மாதிரியும் மண் மாதிரியும் ஒரு வாசனை வரும். அந்த வினையின் வாசனை அது. காலையில் கழுவியதும் பெரும்பாலும் போய்விடும்.

“உதட்டிலும் இமையிலும் போடலாமா”

வேண்டாம். உதடு, கண்ணைச் சுற்றிய இடம், மூக்கின் உள் ஓரம், பிறப்புறுப்பு, இங்கெல்லாம் டிஎச்ஏ கூடாது. உதட்டுக்கு உங்கள் உதட்டு நிறத்திலேயே ஒரு லிப்ஸ்டிக், இமைக்கு கேமஃப்ளாஜ் கிரீம். புள்ளியின் மேல் முடி வெளுத்திருந்தால் டேனர் அதற்கு உதவாது. புருவம் என்றால் புருவப் பென்சில்.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தால், டேனரைத் தேடும் முன் ஸ்டிக்கர் பொட்டை நிறுத்துங்கள். சில ஸ்டிக்கர்களின் பசையில் உள்ள வேதிப்பொருள் தோலின் நிறமிச் செல்களைக் கொன்றுவிடும். மேலே நிறம் பூசிவிட்டு அடியில் அதே பசையை ஒட்டிக்கொண்டிருந்தால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“எரிகிறது, சிவந்திருக்கிறது, கொப்புளம்”

உடனே கழுவுங்கள். டேனரில் உள்ள வாசனைப் பொருளோ பாதுகாப்புப் பொருளோ ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அந்தப் பாட்டிலை மறுபடி தொடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு காரணம், நிறம் வந்துவிட்டதே என்று வெயிலில் போவது. டேனரின் பழுப்பு மெலனின் அல்ல. வெயிலிலிருந்து அது தரும் பாதுகாப்பு ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. பழுப்புக்கு அடியில் இருப்பது பழைய வெண்புள்ளிதான், வெயில் பட்டால் பொசுங்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், முழுக்கை. வண்டி ஓட்டும்போது கையுறை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி எண்ணெய் போடுகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். அதில் உள்ள சோராலன், ஒளியோடு சேர்ந்து கொப்புளம் எழுப்பும் வகை. அதற்கு மேல் டேனர், அதற்கு மேல் வெயில் என்று அடுக்காதீர்கள். ஒளிச்சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், டேனர் போடும் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தோல் மேல் ஒரு பழுப்புப் படலம் இருப்பது தெரிந்தால்தான் அவர் ஒளியின் அளவைச் சரியாக வைக்க முடியும். புள்ளியின் அளவைப் பார்க்கிற சந்திப்புக்கு முன் ஒரு வாரம் டேனரை நிறுத்திவிட்டுப் போங்கள்.

“புள்ளிக்குள் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரிகின்றன”

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று சாதாரணமானது: முடிக்கால்களின் குழியில் டேனர் தேங்கி, மிளகுப்பொடி தூவிய மாதிரி தெரியும். பூசிய உடனே ஈரத் துணியால் லேசாக ஒற்றினால் அடுத்த முறை வராது.

இன்னொன்று, சிகிச்சை எடுப்பவர்கள் காத்துக்கொண்டிருக்கும் விஷயம். நிறம் திரும்பும்போது பெரும்பாலும் முடிக்காலிலிருந்துதான் தொடங்கும், ஏனென்றால் நிறமிச் செல்களின் இருப்பு அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கு நடுவே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளாக வந்து, மெல்ல விரிந்து ஒன்றோடு ஒன்று சேரும். மேலே டேனர் இருந்தால் இது கண்ணில் படாது. என் வலது முட்டியில் அப்படித்தான் நடந்தது. நான்கு மாதமாக டேனர் தேங்குகிறது என்று நினைத்து, ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய் வைத்து அதை இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம், பத்து நாள் எதுவும் போடாமல் விடுங்கள். டேனர் என்றால் போய்விடும். பத்தாம் நாளும் அதே இடத்தில் இருந்தால், பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து போட்டோ எடுங்கள். அடுத்த மாதம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். என் முட்டியில் அன்று எண்ணியபோது ஒன்பது இருந்தன.